சொல்ல முடியாதுங்கன்னுதான் சொன்னேன்

அந்த ஸ்டூல் வேண்டாங்க சார், ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பி விடறேன். கரூர் வெயில் தெரியும்ல, மாடிக்கடைன்னா இன்னும் ரெண்டு மடங்கு.

லேப்டாப்புக்கு எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்ங்க. உள்ள இருந்ததை எல்லாம் தனியா எடுத்து வச்சுட்டேன், பயப்படாதீங்க. பழசை அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டுக் கொடுத்தா, வாங்கின அன்னைக்கு ஓடின மாதிரி ஓடும். பஸ் பாடி கட்டற கம்பெனின்னு சொன்னீங்கல்ல? ஆபீஸ் மெஷின்தானே? அப்பச் சரி. அவசரப்படாமப் பண்ணிருவோம். இப்பெல்லாம் நான் அவசரப்படறதே இல்லைங்க.

என்ன கேட்டீங்க?

தமயந்தி மேடமா? செங்குந்தபுரத்துல அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்தாங்களே, அவங்களா?

தெரியும்ங்க. தெரியாம என்ன. அந்தக் கம்பெனிக்கு நான்தானே சர்வீஸ். பெட்ஷீட், கர்ட்டன், மேசை விரிப்புன்னு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனி. பர்ச்சேஸ், ஆபீஸ் நிர்வாகம் ரெண்டும் அவங்கதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க வேலைக்கு எடுக்கப் போறீங்களா அவங்களை? ரொம்ப நல்லதுங்க. எடுங்க சார். யோசிக்கவே யோசிக்காதீங்க. தங்கமான மனுஷி.

ஏன் நின்னாங்கன்னா... அது வந்துங்க...

அதுக்கு முன்னாடி, என் கடையை உங்களுக்கு யாருங்க சொன்னது? அந்தக் கம்பெனி எம்.டி. சொன்னாரா? இல்லையா? அப்புறம் சொல்றீங்களா? சரி சரி. இங்க யாரைக் கேட்டாலும் சிவம் சிஸ்டம்ஸ் நல்லசிவம்னாத் தெரியும். தொழில்ல ஒரு சொல் வாங்கினது கிடையாதுங்க. அந்த விஷயத்துலகூடப் பாத்தீங்கன்னா, நான் ஒரு பொய் சொல்லலை. அதை முதல்லயே சொல்லிடறேன். ஒரு பொய்கூடச் சொல்லலை.

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா. சரி.

அந்தக் கம்பெனியில முதல்ல எல்லாம் அசெம்பிள் மெஷின்தாங்க. நான் கட்டிக் கொடுத்தது. விண்டோஸும் நானே போட்டுக் கொடுத்ததுதான். ஒரிஜினலான்னா, அந்தக் காலத்துல யாருங்க ஒரிஜினல் போட்டாங்க? ஊரே அப்படித்தான் ஓடிச்சு. கட்சிக்காரர் ஆபீஸ், டாக்டர் வீடு, எல்லாம் என் பென்டிரைவ்தான். மேடம் வேலைக்கு வந்தாங்க. வந்த கொஞ்ச நாள்லயே எம்.டி.கிட்டப் போய் நின்னுட்டாங்க. "சார், நம்ம துணியை வாங்கற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பறான். தீயணைக்கிற சிலிண்டர்ல இருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் பாக்கறான். நம்ம மெஷின்ல இருக்கறது எல்லாம் டூப்ளிகேட். மாட்டினா ஆர்டரே போயிரும்"னு. எம்.டி. முணுமுணுத்தாரு. இவங்க விடலை. எதுத்துப் பேசற ஆள் கிடையாதுங்க, ஆனா பிடிச்ச பிடி விடமாட்டாங்க. கடைசியில பழைய மெஷினை எல்லாம் கழிச்சுக் கட்டிட்டு, ஆபீஸ் பூரா பிராண்டட் வந்துருச்சு. ஒரிஜினல் விண்டோஸோட.

எனக்கு அதுல வருத்தம் எதுவும் இல்லைங்க. சர்வீஸ் என்கிட்டத்தானே இருந்துச்சு. மெஷின் யார்கிட்ட வாங்கினா என்ன? கேட்டாங்கன்னா நானே வாங்கிக் கொடுத்திருப்பேன், ஒரு வார்த்தை கேக்கலை, அவ்வளவுதான். அதை எல்லாம் மனசுல வச்சுக்கற ஆள் நான் இல்லை.

உங்களுக்கு இது தெரியணும் சார், அப்பத்தான் மத்தது புரியும். பிராண்டட் மெஷின்ல லைசென்ஸ் ஒரு பேப்பர்ல இருக்காதுங்க. உள்ளயே, மதர்போர்டுலயே எழுதி வச்சிருப்பான். ஃபார்மட் பண்ணினாலும் அது போகாது. அந்த மெஷினுக்கு வந்த அதே விண்டோஸைத் திரும்பப் போட்டு, நெட்டைக் கொடுத்துட்டு, சும்மா உக்காந்திருந்தாப் போதும். தானா ஆக்டிவேட் ஆயிரும். கீ அடிக்க வேண்டியதில்லை, யாருக்கும் போன் பண்ண வேண்டியதில்லை. சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்.

எனக்கும் தெரியும்ங்க. தெரியாதுன்னு நான் எங்கயும் சொல்லலை.

ஆனாப் பாருங்க, கை ஒண்ணு பழகிப் போச்சு. என்கிட்ட ஒரு பென்டிரைவ் இருந்துச்சு. நானே பாத்துப் பாத்துத் தயார் பண்ணினது. விண்டோஸ், ஆபீஸ், தமிழ் ஃபான்ட், பிரிண்டர் டிரைவர், கணக்கு சாப்ட்வேர், எல்லாம் ஒண்ணாக் கட்டி வச்சிருந்தேன். மெஷின்ல சொருகினா அரை மணியில எல்லாமும் ஏறி நிக்கும். அதுலயே ஆக்டிவேட்டர்னு ஒண்ணு. டூப்ளிகேட் விண்டோஸை ஒரிஜினல் மாதிரிக் காட்டும். ஊர்ல எந்த மெஷின் வந்தாலும் அதுதான். நீங்க வண்டி ஓட்டறீங்க, கியர் மாத்தறப்ப யோசிச்சா மாத்தறீங்க? அந்த மாதிரி. சாவிக்கொத்துல முருகன் டாலரோட சேத்து மாட்டியிருந்தேன்.

இப்ப உங்க மெஷின்ல சொருகியிருக்கறது அது இல்லைங்க. இது வேற. பயப்படாதீங்க.

அப்ப ஒரு நாள் மத்தியானம் போன் வருது. அக்கவுண்ட்ஸ்ல ஒரு தம்பி, ஏதோ பில்லுன்னு மெயில்ல வந்ததைத் திறந்துட்டான். வைரஸ். ஒரு மெஷின்ல ஏறி, அப்படியே ஆபீஸ் பூராப் பரவிருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பணும், பேப்பர் அடிக்க ஒரு மெஷின் உருப்படியா இல்லை. நான் போய் நிக்கறேன், எம்.டி. என் முதுகுக்குப் பின்னாடியே நிக்கறாரு. "ஆச்சா நல்லசிவம், ஆச்சா நல்லசிவம்." அவர் மூச்சு என் கழுத்துல படுது. அந்த நேரத்துல எந்த மெஷினுக்கு எந்த விண்டோஸ் வந்துச்சுன்னு பாத்து, டவுன்லோட் பண்ணிப் போட்டுக்கிட்டு இருக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. சாவிக்கொத்தை எடுத்தேன், சொருகினேன். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. கன்டெய்னர் கிளம்பிருச்சு. எம்.டி. தோள்ல தட்டினாரு. அன்னைக்கு நான் அந்தக் கம்பெனியைக் காப்பாத்தினேன் சார். அதை யாரும் பேசறதில்லை.

யாரும் என்னை எதுவும் கேக்கவும் இல்லைங்க. எது போடறேன், எது போடலைன்னு யாரும் கேக்கலை.

அப்புறம் பல மாசம் ஒண்ணும் இல்லை. நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. மேடம் புதுசா ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போடச் சொன்னாங்க, வைரஸ் வந்து பட்டதுல பயந்துட்டாங்க. அதுவும் ஒரிஜினல். அவங்களுக்கு எல்லாமே ஒரிஜினல்தான். நானே போட்டுக் கொடுத்தேன். அந்த ஆன்டிவைரஸ் என்ன பண்ணுச்சுன்னா, என் ஆக்டிவேட்டரைத் திருடனைப் பிடிச்ச மாதிரிப் பிடிச்சு வெளிய போட்டுருச்சு. சரியாத்தான் பண்ணியிருக்கு, குத்தம் சொல்ல முடியாது. கொஞ்ச நாள்ல ஒவ்வொரு மெஷின்லயும் கீழ, வலது பக்க மூலையில, மங்கலா ரெண்டு வரி இங்கிலீஷ்ல வந்துருச்சு. விண்டோஸை ஆக்டிவேட் பண்ணுன்னு. ஆபீஸ்ல யாரும் அதைக் கண்டுக்கலை. மெசேஜ் வர்றது போறதுதானேன்னு விட்டுட்டாங்க. என்கிட்டச் சொல்லியிருந்தா அரை நாள்ல சரி பண்ணியிருப்பேன். சொல்லலை.

ஆடிட்டுக்கு வந்த ஆள் கண்டுக்கிட்டான்.

கண்ணாடி போட்ட ஒல்லியான ஆளாம்ங்க. தையல் ஹாலைப் பாத்தான், பாத்ரூமைப் பாத்தான், எல்லாம் சரின்னுட்டு ஆபீஸுக்குள்ள வந்து உக்காந்தான். மேடம்தான் எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாங்க, எங்க கம்பெனியில எல்லா சாப்ட்வேரும் ஒரிஜினல்னு. அவன் ஸ்கிரீன் மூலையைத் தொட்டுக் காட்டினானாம். "இது என்ன?" அவ்வளவுதான். மேடம் பில்லு எல்லாம் எடுத்து வச்சாங்க. "பில்லுல இருக்கு, மெஷின்ல இல்லையே"ன்னானாம்.

எம்.டி.க்கு ரத்தக் கொதிப்பு சார். உங்களுக்குப் புரியும், ஆர்டர் போயிருமோன்னு பயம். பயத்துல மனுஷன் என்ன பேசறோம்னு பாக்கமாட்டான். ஒரிஜினல் வாங்கணும்னு தலைகீழா நின்னது இவங்க. வாங்கிட்டு வந்தது இவங்க. இப்ப மெஷினுக்குள்ள இருக்கறது டூப்ளிகேட். அவர் என்ன நினைப்பாரு? "ஒரிஜினலை எடுத்து வெளிய வித்துட்டு, டூப்ளிகேட்டைப் போட்டு வச்சுட்டியா?"ன்னு கேட்டுட்டாரு. எல்லார் முன்னாடியும்.

மதர்போர்டுல இருக்கறதை எப்படிங்க எடுத்து விக்க முடியும்? முடியவே முடியாது. ஆனா அது அவருக்குத் தெரியாதுல்ல.

அப்ப மேடம் சொன்னாங்களாம், "நல்லசிவம் அண்ணாவைக் கூப்பிட்டுக் கேளுங்க சார். அவருக்குத் தெரியும்"னு.

போன் வந்துச்சு. போனேன். எம்.டி.யோட ஏ.சி. ரூமுக்குள்ள போறேன். எம்.டி. உக்காந்திருக்காரு. அவரோட மச்சினன் ஒரு பக்கம். மேடம் நின்னுக்கிட்டு இருக்காங்க. பாருங்க, எத்தனை வருஷமா அந்த ரூமுக்குள்ள போய் வர்றாங்க, அவங்க நின்னு நான் பாத்ததில்லை. எம்.டி. கேக்கறாரு, "நல்லசிவம், இந்த மெஷின் எல்லாம் ஒரிஜினலோடதான் வந்துச்சா? யாராவது மாத்தியிருக்க முடியுமா? உனக்குத் தெரியாம நடக்காதே?"ன்னு.

நான் சொன்னேன், "சொல்ல முடியாதுங்க சார்."

அவ்வளவுதாங்க. அவங்க மாத்தினாங்கன்னு நான் சொன்னேனா? இல்லை. ஒரிஜினல் வரலைன்னு சொன்னேனா? அதுவும் இல்லை. சொல்ல முடியாதுங்கன்னுதான் சொன்னேன். அதுல பொய் எங்க இருக்கு? அந்த நேரத்துல என்னால சொல்ல முடியலை. அது உண்மைதானே.

மேடம் என்னைப் பாத்தாங்க. ஒரே ஒரு தடவை. கோபம் எல்லாம் இல்லைங்க. பஸ்ஸுக்குக் கை காட்டறோம், அது நிக்காமப் போயிருது, அப்ப ஒரு பார்வை பாப்போம்ல. அந்த மாதிரி. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

மறுநாள்ல இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. கணக்கை முடிச்சுக் கொடுத்தாங்க, ஆனா ரிலீவிங் லெட்டர் கொடுக்கலை. "போலீஸுக்குப் போகாம விடறதே பெருசு"ன்னு எம்.டி. சொன்னாரு. அந்த லெட்டர் இல்லாம இந்த ஊர்ல எந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில எடுப்பாங்க? ஒருத்தர்கிட்டப் பேசினது சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும். வீட்டுக்காரர் லாரியில போறவருங்க, வந்தா உண்டு, வராட்டி இல்லை. பொண்ணு பத்தாவது படிக்குது. மேடம் சம்பளத்துலதான் அந்த வீடே ஓடிச்சு.

இதை எல்லாம் நான் ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னு தெரியலை. நீங்க சும்மா கேட்டீங்க. லேப்டாப் பாத்தீங்களா, பாதி தாண்டிருச்சு.

அப்புறம் எம்.டி. என்னைக் கூப்பிட்டாரு. "நல்லசிவம், எப்படியாவது ஒரிஜினல் போட்டுக் கொடு, ஆடிட்டர் மறுபடியும் வர்றான்"னாரு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல யாரும் இல்லாதப்பப் போனேன். இந்தத் தடவை ஒழுங்காப் பண்ணினேன். ஒவ்வொரு மெஷினும் என்ன விண்டோஸோட வந்துச்சோ, அதையே போட்டேன். நெட்டைக் கொடுத்தேன். ஒண்ணொண்ணாத் தானா ஆக்டிவேட் ஆகுது சார். என் கண்ணு முன்னாடி. ஒரு மெஷின், அடுத்த மெஷின். எல்லாம் ஒரிஜினல். எல்லாம் அவங்க சொன்னது சொன்னபடியே இருக்கு. ஒண்ணாவது ஆகாம நிக்கக் கூடாதான்னு இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு நின்னிருந்தாக்கூட, பாத்தியா, அவங்க மேலயும் ஏதோ இருக்குன்னு நினைச்சிருப்பேன். நிக்கலை.

கடைசியா அவங்க மெஷின். மானிட்டருக்குக் கீழ சின்னதா ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. "வேலை முடிந்ததும் அணைத்துவிட்டுப் போகவும். தமயந்தி"ன்னு. அந்தச் சேர்ல உக்கார முடியலைங்க. நின்னுக்கிட்டே போட்டேன்.

அதுக்கு நான் ஒண்ணும் வாங்கலை. அதையும் சொல்லிடறேன். எம்.டி. நான் எங்கயோ போய்ப் புது லைசென்ஸ் வாங்கிட்டு வந்து போட்டதா நினைச்சுக்கிட்டாரு. நான் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தாரு. வீட்டுல பசங்க சாப்பிட்டாங்க. நான் தொடலை. தாந்தோணிமலைப் பக்கம் இருக்கற இன்னொரு யூனிட் சர்வீஸையும் நீயே பாத்துக்கன்னுட்டாரு. அதனாலதான் நான் வாயைத் திறக்கலைன்னு நீங்க நினைக்கக் கூடாது. அது அப்புறம் வந்தது. நான் வாயை மூடினது அதுக்கு முன்னாடியே.

இல்ல... அப்படிச் சொன்னா அதுவும் நல்லா இல்லையே.

நடுவுல மேடத்தை ஒரு தடவை பாத்தேங்க. உழவர் சந்தையில. நான் தக்காளி பொறுக்கிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நிக்கறாங்க. "அண்ணா, நல்லா இருக்கீங்களா? பாப்பா இப்ப எந்தக் கிளாஸ்?"ன்னு கேக்கறாங்க. திட்டியிருந்தா நின்னு வாங்கியிருப்பேன். பாப்பா எந்தக் கிளாஸ்னு கேட்டா நான் என்னங்க பண்ணுவேன்? போன் வர்ற மாதிரிக் காதுல வச்சுக்கிட்டு, "இந்தா வந்துட்டேன் சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். தக்காளியை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். வீட்டுல, தக்காளி எங்கன்னு கேட்டா, விலை ஜாஸ்தின்னு சொன்னேன். அது வேணா பொய்தான்.

அவங்களுக்குத் தெரியாதுன்னுதான் இவ்வளவு நாளா நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். கம்ப்யூட்டர்ல உள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மெஷினே ஏதோ கோளாறு பண்ணிருச்சுன்னுதான் நினைச்சிருப்பாங்க.

என்னங்க?

அன்னைக்கு மேடம்கூடவா எதுவும் கேக்கலைன்னா? யாரும் எதுவும் கேக்கலைன்னு சொன்னேன்ல. சொன்னேன்.

கேட்டாங்க சார்.

அந்த வைரஸ் அன்னைக்கு. மேடம்தான் டீ கொண்டுவந்து வச்சாங்க. ஆபீஸ்ல வேற யாரும் எனக்கு டீ வைக்கணும்னு நினைக்கமாட்டாங்க. டம்ளரை வச்சுட்டு, நான் மூணாவது மெஷினோ நாலாவது மெஷினோ பண்ணிக்கிட்டு இருக்கேன், சாவிக்கொத்து தொங்குது, அதைப் பாத்துட்டே கேட்டாங்க. "அண்ணா, இதெல்லாம் ஒரிஜினலோட வந்த மெஷின். திரும்ப அதையேதானே போடறீங்க?"ன்னு. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. "அதேதாங்க மேடம், நீங்க போங்க"ன்னு சொன்னேன். நல்லா தெரிஞ்சுதான் சொன்னேன். இவங்க என்ன எனக்குச் சொல்லித் தர்றதுன்னு ஒரு இது. அந்த மெஷினை எல்லாம் என்கிட்ட வாங்கலைல்ல, அந்த ஒரு இது. அது இருந்துச்சுங்க. இல்லைன்னு சொன்னேன்ல முன்னாடி, இருந்துச்சு.

என் வார்த்தையை நம்பித்தான் ஆடிட்டுக்குக் கையெழுத்துப் போட்டாங்க. அந்த ஏ.சி. ரூம்ல வாயைத் திறந்து, "அண்ணாகிட்ட நான் கேட்டேன், அதேதான்னு சொன்னாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. சொல்லலை. நானா சொல்லுவேன்னு எதிர்பார்த்திருக்காங்க போல. அவ்வளவு நேரம் எனக்கு இடம் விட்டு நின்னிருக்காங்க.

இருங்க சார், லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகுது. பேரு என்னன்னு போடட்டும்? கம்பெனி பேரையே போட்டுடறேன். இப்ப நெட்டைக் கொடுக்கறேன். பாருங்க, நான் ஒண்ணும் தொடலை. கை ரெண்டும் இங்க இருக்கு.

பாத்தீங்களா? ஆக்டிவேட் ஆயிருச்சு. இது உங்க மெஷின், ஒரிஜினல். யாரும் வந்து சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

எடுத்துட்டுப் போங்க சார். இதுக்கு ஒண்ணும் வேண்டாம், சும்மாதானே உக்காந்திருந்தேன். மேடத்தைத் தாராளமா எடுத்துக்கோங்க. விசாரிச்சேன், நல்லா சொன்னாங்கன்னு சொல்லுங்க. ஏன் நின்னாங்கன்னு எழுத வேண்டிய இடத்துல சொந்தக் காரணம்னு எழுதிக்கோங்க. எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க.

லெட்டர் இல்லாம உங்க முதலாளி ஒத்துக்கமாட்டாரா?

நான் சொன்னதா நீங்க சொல்லுங்களேன். இல்ல, என் பேரு வேண்டாம். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொன்னார்னு சொல்லுங்க. எம்.டி.கிட்டயா? நான் போய் எம்.டி.கிட்டச் சொல்லணுமா? அது அவ்வளவு லேசு இல்லைங்க. அந்த ஒரு கம்பெனி போனா அவர் மச்சினன் கம்பெனி போகும், மச்சினனோட சம்பந்தி கம்பெனி போகும். இந்த ஊர்ல எல்லாம் ஒரே கொடியில காயற துணிங்க. எனக்கும் வீடு இருக்கு. பாப்பா ஆறாவது. பாருங்க, சந்தையில கேட்டாங்களே, பதில் சொல்லாம வந்துட்டேன். ஆறாவதுங்க.

நான் போகாம இல்லை சார். சொல்லிடலாம்னு கிளம்பினேன். சட்டை எல்லாம் மாத்திக்கிட்டு, சாமி கும்பிட்டுட்டு. வண்டியை எடுத்து மனோகரா கார்னர் ரவுண்டானா வரைக்கும் போனேன். அங்க ஒரு சுத்து சுத்தி அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன். இன்னொரு நாளும் அதே மாதிரி. வீட்டுக்காரி கேக்கறா, "செங்குந்தபுரம் போறேன்னு கிளம்பறீங்க, வண்டிச் சூடு ஆறறதுக்குள்ள வந்துடறீங்க, அங்க என்ன இருக்கு?"ன்னு.

சரி, நீங்க முதல்ல இதைச் சொல்லுங்க. உங்களை என்கிட்ட அனுப்பினது யாரு? நான் அப்பவே கேட்டேன், அப்புறம் சொல்றேன்னீங்க. எம்.டி. இல்லைன்னா வேற யாரு? அந்த அக்கவுண்ட்ஸ் தம்பியா?

மேடம் அவங்களேவா?

இல்லை சார், வேற நல்லசிவமா இருக்கும். எங்க, அவங்க எழுதிக் கொடுத்த பயோடேட்டாவைக் காட்டுங்க. விசாரிக்க வேண்டியவர்னு போட்டு... ஆமா. என் பேருதான். என் போன் நம்பர்தான். கடை விலாசம்கூடச் சரியாப் போட்டிருக்காங்க, மாடி ஏறி இடது பக்கம்னு. எம்.டி. பேரைப் போடலை. அவங்ககூட வேலை பாத்தவங்க யார் பேரையும் போடலை.

போடும்போது ஏதாவது சொன்னாங்களா? கோபமாச் சொன்னாங்களா? இல்லையா. என்னதான் சொன்னாங்க?

"நல்லசிவம் அண்ணாவைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்"னா?

அதே வார்த்தையா சார்? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. அதே வார்த்தையா?

அன்னைக்கும் இதைத்தான் சொன்னாங்க. எம்.டி. முன்னாடி, இதே வார்த்தை. அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு நின்னு காதால கேட்ட பொம்பளைங்க. கேட்டுட்டும், வேலை போயும், நான் சந்தையில முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓடியும், மறுபடியும் என் பேரையே எழுதிக் கொடுத்திருக்காங்களே சார். இன்னுமா என்னை நம்பறாங்க? நான் என்ன அவங்களுக்கு?

கொஞ்சம் தண்ணி எடுத்துக் கொடுங்க. அந்த பாட்டில்தான்.

ஒண்ணும் இல்லைங்க. ஃபேன் காத்து கண்ணுல பட்டுது.

எம்.டி. இந்நேரம் ஆபீஸ்லதான் இருப்பாரு. சாயங்கால டீக்கு அப்புறம்தான் யூனிட்டுக்குக் கிளம்புவாரு. இப்பக் கிளம்பினாப் பிடிச்சுரலாம். லெட்டர் இன்னைக்கே கேக்கறேன். அந்தப் பென்டிரைவையும் எடுத்துட்டு வர்றேன், டிராயர்ல போட்டுப் பூட்டித்தான் வச்சிருக்கேன், தூக்கிப் போட மனசு வரலை. அவர் மேஜையில வச்சு, இதைத்தாங்க சார் போட்டேன், நான்தான் போட்டேன், மேடம் என்கிட்டக் கேட்டும் போட்டேன்னு சொல்லிடறேன். அப்புறம் அவர் என்ன பண்ணினாலும் சரி.

ஷட்டரை இறக்கறேன், கொஞ்சம் தலையைக் குனிஞ்சு வாங்க. லேப்டாப்பை நீங்களே கையில வச்சுக்கோங்க.

இல்லைங்க, நீங்க அந்தப் பக்கம் போக வேண்டாம், பஸ் ஸ்டாண்டுல அப்புறம் நானே விடறேன். என் வண்டியில ஏறுங்க. பின்னாடி உக்காந்து தோளைப் பிடிச்சுக்கோங்க சார். தனியாப் போனா அந்த ரவுண்டானாவுல மறுபடியும் திரும்பிடுவேன்.